நேசன் அண்ணையின் பிக்கப்பும் என் கைப்பைச் சுத்தியலும்

பழைய பிக்கப் வண்டி வாங்குவது பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று எங்கள் தமிழ்ச் சங்கத்தின் மலர்க்குழுவினர் என் கணவரிடம் கேட்டார்கள். எனக்கு எழுத வராது, முடியாது என்று சொல்லிவிடுங்கள் என்றேன். அவர் போய் என்ன சொன்னாரோ தெரியாது. அடுத்த நாளே, "எத்தனை பக்கம் வரும்?" என்று குழுவிலிருந்து செய்தி வந்தது.

என் கணவருக்குச் சைக்கிள் மட்டும்தான் ஓடத் தெரியும். அவர் டென்மார்க்கின் சில்க்போர்க் நகரில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்கிறார். வாகனங்களின் அடியில் இருபத்திரண்டு வருடம் நின்றவள் நான். ஆனாலும் எங்கள் ஆட்கள் வாகனச் சந்தேகம் என்றால் இவரிடம்தான் வருவார்கள். பிறந்தநாள் விழாவோ சாமத்தியவீடோ, ஆண்கள் பக்கத்தில் யாராவது ஒருவர் தட்டோடு வந்து இவருக்குப் பக்கத்தில் அமர்வார். "தம்பி, பின்சில்லுப் பக்கம் ஒரு கீச்சுச் சத்தம் கேக்குது." இவர் வைத்தியர் மாதிரித் தலையை ஆட்டிக் கேட்பார். பிறகு, "பொறுங்கோ, வாறன்" என்று எழும்பி, மண்டபம் முழுவதும் நடந்து பெண்கள் பக்கம் வந்து, "இஞ்சேரும், கீச்சுச் சத்தமாம்" என்பார். நான் பதில் சொல்வேன். அவர் திரும்பிப் போய்ச் சொல்வார். ஒரே விழாவில் ஏழு தரம் நடந்திருக்கிறார். வடையை ஆறவிட்டுத்தான் சாப்பிடுவார்.

எனக்கு அது வசதியாகவே இருந்தது. நான் கூச்சக்காரி. நாலு பேர் பார்க்கக் கதைப்பது என்றால் பின்கதவைத் தேடுவேன். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது, பிறகு டென்மார்க், பிறகு மொழி வகுப்பு, பிறகு துப்புரவு வேலை. எல்லா இடத்திலும் நான் பின்வரிசைதான். கடைசியில் எனக்குக் கிடைத்த வேலையும் யாருடைய முகமும் தெரியாத இடத்தில், வண்டிகளுக்கு அடியில்.

நான் வேலை செய்த இடம் ஒரு கறள் தடுப்பு, அதாவது துருத் தடுப்புப் பட்டறை. இந்த நாட்டில் பனிக்காலத்தில் தெருவுக்கு உப்புப் போடுகிறார்கள். அந்த உப்பு வண்டியின் அடியில் ஒட்டிக்கொண்டு இரும்பைத் தின்னும். அது தின்னாமல் இருக்க அடிப்பாகத்தைக் கழுவி, காயவைத்து, உள்ளும் புறமும் எண்ணெய் அடிப்பது எங்கள் தொழில். அங்கே நான் முதலில் நிலம் கழுவத்தான் போனேன். ஒரு நாள் ஆள் பற்றாக்குறை. சுடுதண்ணீர்க் குழாயைப் பிடிக்கச் சொன்னார்கள். பிடித்தேன். அதற்குப் பிறகு நிலம் கழுவ வேறு ஆள் எடுத்துவிட்டார்கள். என்னுடைய பயிற்சிக்காலம் அவ்வளவுதான்.

எங்கள் முதலாளி பிரெபென். ஆறடி உயரம், குறைந்த பேச்சு. வண்டி உள்ளே வந்ததும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மூன்று தரம் சுற்றி வருவார். கோயில் வீதியில் வைத்துப் பார்த்திருந்தால் பிரதட்சணம் என்றே நினைத்திருப்பேன். சுற்றி முடிந்ததும் வண்டிக்காரரிடம் மூன்று கேள்வி கேட்பார். பின்னுக்கு யார் இருப்பார்கள்? பின்னுக்கு எதை இழுப்பீர்கள்? வண்டி எங்கே படுக்கும்? அதற்கு மேல் ஒரு சொல்லும் வராது. "ஹ்ம்" என்பார். நல்ல "ஹ்ம்", கெட்ட "ஹ்ம்" என்று இரண்டு உண்டு. எனக்கு வித்தியாசம் பிடிபட ஒரு வருடம் எடுத்தது.

பிக்கப் வாங்க நினைப்பவர்களுக்கு இந்த மூன்று கேள்வியே போதும் என்பது என் எண்ணம்.

பின்னுக்கு யார் இருப்பார்கள்? நாலு கதவு வைத்த பிக்கப்பைப் பார்த்ததும் "குடும்பமே போகலாம்" என்று எல்லோருக்கும் ஆசை வரும். வாங்குகிறவர் முன்சீற்றில் ஏறி இருந்து, ஸ்டியரிங்கைத் தடவிப் பார்த்து, சரி என்பார். நான் சொல்வது, முதலில் பின்சீற்றில் ஏறி இருங்கள். அரை மணித்தியாலம் இருங்கள். நடுத்தர அளவுப் பிக்கப்பில் பின்சீற் சாய்மானம் நேராக, சுவர் மாதிரி இருக்கும். வளர்ந்த பிள்ளைகளின் முழங்கால் முன்சீற்றில் இடிக்கும். குழந்தைச் சீற் இருந்தால் அதையும் வீட்டிலிருந்து கொண்டுபோய்க் கொளுவிப் பாருங்கள்.

பின்னுக்கு எதை இழுப்பீர்கள்? இங்கே எங்கள் ஆட்கள் அதிகம் பிழைவிடுகிறார்கள். "மூன்றரை தொன் இழுக்கும்" என்று விற்பவர் சொல்வார். வண்டி இழுக்கும். உங்கள் லைசன்ஸ் இழுக்குமா? சாதாரணக் கார் லைசன்ஸோடு இவ்வளவு பாரமான வண்டியில் சின்னத் தோட்ட ட்ரெய்லருக்கு மேல் அநேகமாக எதுவும் கொளுவ முடியாது. பெரிய ட்ரெய்லருக்குத் தனிச் சோதனை பாஸ்பண்ண வேண்டும். வண்டியின் பதிவுப் பத்திரத்தையும் வாசியுங்கள், எவ்வளவு இழுக்கலாம் என்று அதில் இருக்கிறது. இலக்கத் தகட்டையும் பாருங்கள். மஞ்சள் தகடு தொழிலுக்கு மட்டும். பாதி மஞ்சள், பாதி வெள்ளை என்றால் இரண்டுக்கும் பாவிக்கலாம். டேனிஷ்காரர் அதைக் கிளித்தகடு என்பார்கள். மலிவு என்று மஞ்சள் தகட்டு வண்டியை வாங்கி, பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கோயிலுக்கு வந்து, பொலிசுக்கு விளக்கம் சொன்ன ஒருவர் எங்கள் ஆட்களிலேயே இருக்கிறார். பெயர் வேண்டாம், அவரும் இந்த மலர் வாசிப்பவர்.

வண்டி எங்கே படுக்கும்? கடலோரத்தில் நின்ற வண்டிக்குப் பனிக்காலம், வெயில்காலம் என்ற பேதம் இல்லை. எல்லா நாளும் உப்புத்தான்.

இனி எங்கள் வேலை முறையைச் சொல்கிறேன். வண்டியை லிஃப்டில் ஏற்றி, சில்லுகளைக் கழற்றி, சில்லுக்கு மேலே இருக்கும் பிளாஸ்டிக் மறைப்புகளையும் கழற்றுவோம். பின்னாலிருந்து முன்னுக்குச் சுடுதண்ணீர் அடிப்போம். சேசி என்று சொல்லும் அடிச்சட்டம் உள்ளே வெறுமையான, நீண்ட பெட்டி மாதிரி இருக்கும். அதில் தண்ணீர் வடியச் சின்ன ஓட்டைகள் உண்டு. அவை சேற்றால் அடைபட்டிருக்கும். கம்பியால் குத்தித் திறந்தால் மண்ணிறத் தண்ணீர் முகத்தில் ஊற்றும். வாயை மூடிக்கொள்ளப் பழகவேண்டும், எனக்கு அது ஏற்கெனவே பழக்கம். பிறகு சூட்டுக்காற்றில் ஒரு நாள் காயவிட்டு, அடுத்த நாள் டோர்ச்சும் சின்னச் சுத்தியலும். முன்னிருந்து பின்னுக்கு, முதலில் இடப்பக்கம், பிறகு வலப்பக்கம். நல்ல இரும்பு "டிங்" என்று மணி மாதிரிக் கேட்கும். உள்ளே உக்கியது "தொப்" என்று கேட்கும். கவனிக்க வேண்டிய இடத்துக்கு மஞ்சள் சோக்குக் கட்டியால் ஒரு வட்டம். கூடாத இடத்துக்குப் பெருக்கல் குறி மாதிரி ஒரு புள்ளடி. எல்லாம் முடிந்த பிறகுதான் எண்ணெய். நீளக் குழாயை ஓட்டைகளுக்குள் விட்டு அடிக்கும்போது ஒரு பங்கு வண்டிக்கு, ஒரு பங்கு என் தலைமுடிக்கு. வெள்ளிக்கிழமை கோயிலில் அந்த மணம் தெரியாமல் இருக்க நான் எப்போதும் கற்பூரத் தட்டுக்குக் கிட்ட நிற்பேன். பக்தி என்று நினைத்திருப்பார்கள்.

அந்தச் சுத்தியல் எப்போதும் என் கைப்பையில் இருக்கும். பிலுண்ட் விமான நிலையத்தில் ஒரு முறை பையைச் சோதித்த பெண் அதை எடுத்து மேலே பிடித்து, இது எதற்கு என்று கேட்டாள். வரிசையில் எல்லோரும் பார்த்தார்கள். இவர்தான் முன்னுக்கு வந்து, "என்ர மனிசி தட்டிப் பாக்கிறவ" என்று டேனிஷில் சொன்னார். சுத்தியல் போய்விட்டது. பிரெபென் வேறொன்று தந்தார்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் ஒரு பிழை விட்டேன். குதிரை வளர்க்கும் ஒரு பெண்ணின் பிக்கப். ட்ரெய்லர் கொளுவும் உருண்டை பூட்டியிருக்கும் இடத்துக்குக் கிட்டத் தட்டினேன். "தொப்." புள்ளடி போட்டேன். சொல்லவில்லை. அந்தப் பெண் அவசரமாக நின்றாள், என் டேனிஷ் அப்போது தட்டுத்தடுமாறும். புள்ளடியைப் பார்த்து யாராவது சொல்வார்கள் என்று விட்டுவிட்டேன். அவள் குதிரை ட்ரெய்லரையும் கொளுவிக்கொண்டு போய்விட்டாள். பிறகுதான் பிரெபென் நான் புள்ளடியைக் குறித்துவைத்த வேலைத் தாளைப் பார்த்தார். கோப்பையை வைத்துவிட்டுத் தன் காரை எடுத்துக்கொண்டு ஓடினார். அவள் ஒரு பெற்றோல் நிலையத்தில் நின்றதால் பிடித்துவிட்டார். குதிரைக்கும் ஒன்றுமில்லை, அவளுக்கும் ஒன்றுமில்லை.

திரும்பி வந்தவர் என்னை ஏசவில்லை. என்னைக் கூட்டிக்கொண்டுபோய் ஒரு வண்டிக்குக் கீழே நிறுத்தி, "சொல்லக் கூச்சமாக இருந்தால் சொல்லாதே. டோர்ச்சையும் சுத்தியலையும் அவர்கள் கையில் கொடு. அவர்களே கேட்கட்டும்" என்றார். அவர் என்னோடு ஒரே மூச்சில் இவ்வளவு கதைத்தது அதுதான் முதல் தரம்.

அன்றிலிருந்து அப்படியே செய்தேன். டேனிஷ்காரரிடம் அது நன்றாக வேலை செய்தது. எங்கள் ஆட்களிடம்தான் என் கையில் சுத்தியல் இல்லை, என் கணவர் இருந்தார்.

நேசன் அண்ணையின் கதைக்கு வருகிறேன். அவர் அனுமதி தந்துதான் எழுதுகிறேன். "என்ர பேரைப் போடு தங்கச்சி, நாலு சனத்துக்குப் பிரயோசனப்படட்டும்" என்றார்.

நேசன் அண்ணை விபோர்க் நகரில் இருக்கிறார். கிழமை நாட்களில் தொழிற்சாலை, சனி ஞாயிறில் விழாக்களுக்குச் சமையல். பெரிய கிடாரங்கள், காஸ் அடுப்புகள், சிலிண்டர்கள், மடக்கு மேசைகள் எல்லாம் ஏற்றிய மூடின ட்ரெய்லர் ஒன்று வைத்திருக்கிறார். அதை இழுக்கச் சிநேகிதர் ஒருவரின் வானை ஒவ்வொரு முறையும் கெஞ்சிக் கேட்க வேண்டியிருந்தது. அதனால் ஒரு பழைய பிக்கப் வாங்க முடிவு செய்தார். ட்ரெய்லர் லைசன்ஸும் இரண்டாம் தரத்தில் எடுத்துவிட்டார். சமைக்கப் போகும்போது மனைவி மாலாவும் மூன்று பெண்பிள்ளைகளும் கூடவே போவார்கள். ஆகவே பின்னுக்குப் பிள்ளைகள், அதற்குப் பின்னுக்குச் சிலிண்டர்கள்.

என் வேலையின் கடைசி வருடம் அது. ஒரு பிறந்தநாள் விழாவில் நேசன் அண்ணை என் கணவரிடம் போனில் படங்கள் காட்டினார். இவர் போனை வாங்கிக்கொண்டு வழக்கம்போல மண்டபத்தைக் கடந்து வந்தார்.

"இஞ்சேரும், நேசன் அண்ணை எடுக்கப்போறாராம். பதினொரு வருசத்து வண்டி. எப்பிடி?"

வெளியில் வடிவான வண்டி, சாம்பல் நிறம். ஒரு படம் அடிப்பாகம். கன்னங்கரேலென்று பளபளத்தது. பதினொரு வருடம் ஓடின வண்டியின் அடி அப்படி இருக்காது. உற்றுப் பார்த்தேன். புகைக்குழாயிலும் கறுப்பு, ரப்பர்க் குழாய்களிலும் கறுப்பு. கவனமாகக் கறள் தடுப்புச் செய்கிறவர்கள் அவற்றை மூடிவிட்டுத்தான் அடிப்பார்கள். யாரோ ஒரு காலத்தில் எதையோ அவசரமாக மறைத்திருக்கிறார்கள்.

"வேண்டாமெண்டு சொல்லுங்கோ," என்றேன்.

"வேண்டாமோ?"

"வேண்டாம். ட்ரெய்லர் இழுக்கவே கூடாது."

இவர் போனார். தூரத்தில் நேசன் அண்ணையின் தோளில் கைவைத்து ஏதோ சொல்வது தெரிந்தது. நேசன் அண்ணை சிரித்தார். வீட்டுக்குப் போகும்போது, "சொல்லியாச்சோ?" என்று கேட்டேன். "சொல்லிட்டன்" என்றார். நானும் மறந்துவிட்டேன்.

இரண்டு கிழமை கழித்து ஒரு வியாழக்கிழமை பின்னேரம் நேசன் அண்ணை போன் எடுத்தார். நாளைக்கு வண்டி எடுக்கிறாராம். பத்தரைக்கு ராகுகாலம், அதற்கு முன் கையெழுத்து வைக்கவேண்டுமாம். வண்டி நிற்கும் பண்ணை எங்கள் வீட்டிலிருந்து ஐந்து கிலோமீற்றர், ஆகவே நாங்கள் இருவரும் கட்டாயம் வரவேண்டுமாம். சனிக்கிழமை ஒரு கலியாணச் சமையல், ட்ரெய்லரையும் அங்கேயே கொண்டுவந்து கொளுவிக்கொண்டு போவாராம். "தம்பி ஓமெண்டபடியால்தான் துணிஞ்சு இறங்கினனான்" என்று சந்தோசமாகச் சொல்லி வைத்துவிட்டார்.

நான் இவரைப் பார்த்தேன்.

"நீங்கள் அவரிட்டை என்ன சொன்னனீங்கள்?"

"ஆறுதலா யோசிச்சு எடுங்கோ அண்ணை எண்டு சொன்னனான்."

"அதுவே வேண்டாமெண்டு சொல்லுறது?"

"பின்னை? மனிசன் ஆசையா படத்தைக் காட்டிக்கொண்டு நிக்கேக்கை வேண்டாமெண்டு முகத்துக்கு நேரே சொல்லலாமே?"

இவரைக் குறைசொல்லி என்ன? எங்கள் ஆட்களில் யார்தான் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்கிறோம்? "பாப்பம்" என்போம், "யோசியுங்கோ" என்போம். கேட்கிறவரும் ஆசை இருந்தால் ஓம் என்று எடுத்துக்கொள்வார். அதுவும் நாள் பார்த்தாகிவிட்டது. நல்ல காரியத்துக்கு வெளிக்கிட்டு நிற்பவரை எங்கே போகிறாய் என்றுகூடக் கேட்கக்கூடாது என்று வளர்ந்தவர்கள் நாங்கள். நான் மூன்று முறை போனைக் கையில் எடுத்தேன். மூன்று முறையும் வைத்துவிட்டேன். குதிரைக்காரப் பெண்ணின் ட்ரெய்லர் வளைவில் திரும்பிப் போனது கண்ணுக்குள் வந்துகொண்டே இருந்தது. அதில் குதிரை. இதில் மூன்று பிள்ளைகள். காலையில் பிரெபெனிடம் லீவு கேட்டேன். ஏன் என்று சொன்னேன். "ஹ்ம்" என்றார். கெட்ட "ஹ்ம்".

நாங்கள் போனபோது பத்து மணிக்கு இன்னும் இருபது நிமிடம். ஏப்ரல் மாதக் காற்று. நேசன் அண்ணை பட்டு வேட்டிக்கு மேல் தொழிற்சாலைக் குளிர்ச்சட்டை போட்டுக்கொண்டு நின்றார். மாலாவின் தட்டில் சந்தனம், குங்குமம், கற்பூரம். பிக்கப்பின் நாலு சில்லுக்கும் கீழே தேசிக்காய், அதுதான் எலுமிச்சை, வைத்தாகிவிட்டது. ட்ரெய்லரும் பின்னால் கொளுவியாகிவிட்டது. அதைக் கொண்டுவந்த வான்காரச் சிநேகிதர் வேலைக்குப் போய்விட்டார். பின்சீற்றில் மூன்று பிள்ளைகளும் பெல்ட் போட்டு, எப்போது போகிறோம் என்று டேனிஷில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். விற்கிற பண்ணைக்காரர் மரச்செருப்போடு நின்று தேசிக்காய்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். விற்பனைப் பத்திரம் வண்டியின் மூக்கில், பறக்காமல் இருக்க அதன் மேல் ஒரு வெற்றிலைக்கட்டு.

நேசன் அண்ணை பைக்குள்ளிருந்து மூன்று தேங்காய் எடுத்தார். ஒவ்வொன்றாகக் காதுக்குக் கிட்டப் பிடித்து மடித்த விரல் மூட்டால் தட்டினார். முதலாவதை வைத்தார். இரண்டாவதையும் வைத்தார். மூன்றாவதைத் தட்டிவிட்டு, "இது சோக்கான காய்" என்றார்.

அப்போது என் கை தானாகவே கைப்பைக்குள் போனது.

"அண்ணை," என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள். நேசன் அண்ணையை எனக்குப் பதினைந்து வருடமாகத் தெரியும். "சுகமே?" என்பதற்கு மேல் அவரோடு நேரே கதைத்தது இல்லை. சுத்தியலை நீட்டினேன்.

"தேங்காயைத் தட்டிப் பாத்தனீங்கள். இதையும் ஒருக்காத் தட்டிப் பாருங்கோ."

அவர் சுத்தியலைப் பார்த்தார், பிறகு வழக்கம்போல என் கணவரைப் பார்த்தார். "தம்பி, என்னவாம்?"

இவர், "அண்ணை, அவவையே கேளுங்கோ" என்றார். இவ்வளவு வருடத்தில் இவர் எனக்குச் செய்த உதவிகளில் பெரியது அது.

பண்ணைக்காரரிடம் டேனிஷில், தட்டிப் பார்க்கலாமா என்று கேட்டேன். "தட்டுங்கள், அது என்ன பீங்கானா?" என்றார். பிள்ளைகளை இறங்கச் சொன்னேன். ஆள் இருக்கும் வண்டியை நாங்கள் தட்டுவதில்லை. மாலா கதவைத் திறந்து மூன்று பேரையும் இறக்கினாள்.

நேசன் அண்ணை வேட்டியை மடித்துக் கட்டி, நான் போட்ட காட்போட் மட்டையில் முழங்காலில் இருந்தார்.

"முதல்லை முன்னுக்கு," என்றேன்.

தட்டினார். டிங்.

"நல்லாத்தானே இருக்கு!"

"ஓம். இனிப் பின்னுக்கு. பின்சில்லுக்குக் கிட்ட, வில்லு பூட்டியிருக்கிற இடம்."

தட்டினார். தொப். திரும்பத் தட்டினார். தொப். மூன்றாம் தரம் அவர் பெரிதாகத் தட்டவும் இல்லை. சுத்தியலின் முனை கறுப்புக்குள் போய்விட்டது. இழுத்தபோது மண்ணிறத் துகள்கள் முறுக்குத் தூள் மாதிரி வேட்டியில் கொட்டின. அவர் அந்த ஓட்டைக்குள் விரலை விட்டார். விரல் மறுபக்கம் வந்தது.

"தங்கச்சி, இது இரும்பே?"

"இரும்பா இருந்தது, அண்ணை."

"ட்ரெய்லர் கொளுவுறது எதிலை?"

"இந்தச் சட்டத்தின்ரை நுனியிலைதான்."

அவர் எழும்பவில்லை. முழங்காலில் இருந்தபடியே திரும்பி, வேலியோரம் நின்ற பிள்ளைகளைப் பார்த்தார், பிறகு ட்ரெய்லரைப் பார்த்தார். நான் பயந்தது போல அவர் கோபப்பட்டார்தான். ஆனால் எழும்பி நின்ற பிறகு.

"நீ படத்திலையே கண்டனியோ?"

"ஓம்."

"அப்ப ஏன் சொல்லேல்லை?"

"சொன்னனான்," என்று இவரைப் பார்த்தேன்.

"நான் யோசிச்சு எடுங்கோ எண்டு சொன்னனான்தானே!" என்றார் இவர்.

"யோசிச்சுத்தானே எடுக்க வந்தனான், விசரா!"

முதலில் சிரித்தது மாலா. தட்டுக் குலுங்கிச் சந்தனம் சிந்தியது. பிறகு நேசன் அண்ணையும் சிரித்தார், கண்ணைத் துடைத்தபடி. அது சிரிப்பில் வந்த கண்ணீர் என்று நான் நினைக்கவில்லை.

பண்ணைக்காரரும் குனிந்து தானே ஒரு முறை தட்டிப் பார்த்தார். கழுத்துவரை சிவந்துவிட்டார். இரண்டு வருடத்துக்கு முன் வாங்கும்போதே அது கறுப்பாக இருந்ததாம், அவர் ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லையாம். வெற்றிலையை எடுத்து மாலாவின் தட்டில் வைத்துவிட்டு, பத்திரத்தை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் போட்டார். "பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு இதை விற்கமாட்டேன். யாருக்குமே விற்கமாட்டேன்" என்றார்.

மணி பத்து பத்து.

"நாள் பாத்து வந்திட்டு வெறுங்கையோடையே போறது?" என்றாள் மாலா. "நாளைக்குக் கலியாணம். ட்ரெய்லரை ஆர் இழுக்கிறது?"

இவர் அதைப் பண்ணைக்காரருக்குச் சொன்னார். சொல்ல வேண்டியதைச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார், ஏனென்றால் அந்த மனிதர் மரச்செருப்புச் சத்தத்தோடு கொட்டிலுக்குள் போய், ஒரு பச்சை உழவு இயந்திரத்தை வெளியே கொண்டுவந்தார். எங்கள் வீடுவரை அவரே இழுத்துத் தருவாராம். அங்கிருந்து வான்காரர் காலையில் எடுக்கலாம்.

மாலா பிக்கப்பின் கீழிருந்து நாலு தேசிக்காயையும் பொறுக்கி, உழவு இயந்திரத்தின் நாலு சில்லுக்கும் வைத்தாள். முன்னுக்கு இரண்டும் சரி. பின்சில்லு அவளைவிட உயரம், தேசிக்காய் இருப்பதே தெரியவில்லை. மூக்கில் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். நேசன் அண்ணை அந்தச் சோக்கான காயை ஒரே அடியில் உடைத்தார். பண்ணைக்காரர் இவரிடம், தேசிக்காய் எதற்கு என்று கேட்டார். இவர் நன்றாக யோசித்துவிட்டு, "நல்லது" என்றார். அவரும் அதை ஏற்றுக்கொண்டார்.

பத்து இருபதுக்கு, ராகுகாலத்துக்குப் பத்து நிமிடம் முன்பாக, உழவு இயந்திரம் தேசிக்காய்களின் மேல் ஏறிப் புறப்பட்டது. அதற்குப் பின்னால் நேசன் அண்ணை குடும்பம் வந்த சின்னக் கார், அதற்குப் பின்னால் நான், எனக்குப் பின்னால் பொறுமை இழந்த இருபது வண்டிகள். முன்காரின் பின்கண்ணாடியில் மூன்று பிள்ளைகளும் திரும்பி எனக்குக் கைகாட்டிக்கொண்டே வந்தார்கள். இவர் பக்கத்தில் இருந்து, "ஆனாலும் நீர் கொஞ்சம் ஆறுதலாச் சொல்லியிருக்கலாம்" என்றார்.

ஒரு மாதம் கழித்து வீட்டுப் போன் அடித்தது. இவர் எடுத்தார். "தங்கச்சி நிக்கிறாவோ?" என்று கேட்டிருக்கிறார் நேசன் அண்ணை. இவர் போனை என்னிடம் நீட்டினார், உத்தியோகம் பறிபோன முகத்தோடு. அந்தக் கோடையில் நாங்கள் மூன்று வண்டி பார்த்தோம். முதல் இரண்டிலும் தொப். மூன்றாவது பார்வைக்கு அழகில்லை. கதவில் பள்ளம், சீற் கிழிசல். ஆனால் அடிச்சட்டம் முன்னிருந்து பின்வரை ஒரே டிங். வாங்கச் சொன்னேன். பிரெபென் மூன்று தரம் சுற்றிவந்து நல்ல "ஹ்ம்" சொன்னார். எண்ணெய் நானே அடித்தேன். நான் முழுதாக அடித்த கடைசி வண்டிகளில் அது ஒன்று. பனிக்காலம் வந்தபோது என் தோள்மூட்டு கையைத் தலைக்கு மேல் தூக்கவிடவில்லை. ஐம்பத்தாறு வயதில் வீட்டில் இருத்திவிட்டார்கள்.

இப்போதும் விழாக்களில் எங்கள் ஆட்கள் தட்டோடு இவரிடம்தான் வருகிறார்கள். இவர், "அங்கை இருக்கிறா, போய்க் கேளுங்கோ" என்றுவிட்டு வடையைச் சூட்டோடு சாப்பிடுகிறார். அவர்கள் நடந்து வருகிறார்கள். எனக்கு இன்னும் கூச்சம்தான். ஆனால் பதில் ஒரு சொல்தான் என்பதால் சமாளித்துவிடுகிறேன்.

ஒவ்வொரு பங்குனியிலும், உப்புக்காலம் முடிந்ததும், நேசன் அண்ணை வண்டியைக் கழுவி, அடியில் படுத்து, எனக்குப் போன் எடுப்பார். சுகம் கேட்பதில்லை. போனைச் சேசிக்குக் கிட்டப் பிடித்துத் தட்டுவார். டிங். டிங். டிங். "கேக்குதே தங்கச்சி?" "கேக்குது அண்ணை. மற்றப் பக்கம்."

இந்த வருடமும் தட்டினார். இடப்பக்கம் எல்லாம் டிங். வலப்பக்கம், பின்சில்லைத் தாண்டியதும் மணிச்சத்தம் கொஞ்சம் கம்மியது.

"அண்ணை, அந்த இடத்திலை திரும்பத் தட்டுங்கோ."

தட்டினார்.

"இந்தக் கிழமை ட்ரெய்லர் கொளுவ வேண்டாம். பட்டறைக்குக் கொண்டுவாங்கோ, நானும் வாறன்."

"சனிக்கிழமை ஒரு சமையல் இருக்குத் தங்கச்சி..."

"வேண்டாம்."

"சரி," என்றார் அவர்.

போனை வைத்தேன். சமையலறையில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த இவர் கத்தியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

"இஞ்சேரும், பாவமப்பா மனிசன். யோசிச்சுச் செய்யுங்கோ எண்டு சொல்லியிருக்கலாமே?"